அக்காவுக்குக் கறைப் பல், தம்பிக்கு வெள்ளைப் பல்: வகுப்பில் இதை எப்படிச் சொல்வது?

கணக்கு_டீச்சர் (தர்மபுரி மாவட்டம்) கேட்டது:

வணக்கம். பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையும் நானே. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. பல்லைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் ஒரு மாணவி. கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. கரும்பலகைக்கு அழைத்தால் ஓடி வருவாள், மளமளவென்று போட்டு முடிப்பாள். "எப்படி வந்தது, விளக்கிச் சொல்" என்றால் மட்டும் துப்பட்டா நுனி வாய்க்குப் போய்விடும். கூச்ச சுபாவம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் தோழி ஏதோ சொல்ல, தன்னை மறந்து சிரித்தாள். முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே பழுப்புக் கோடு. அதைச் சுற்றிச் சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைத் திட்டுகள். நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அந்த முகம் இரண்டு நாள் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம், அதனால் பல்லில் கறை வரும் என்று இங்கே வேலைக்கு வந்தபோதே சொன்னார்கள். தெரிந்த செய்திதான். ஆனால் பிள்ளைகள் அதை எப்படிச் சுமக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, "பெயர் எழுத வேண்டாம், பல்லைப் பற்றி என்ன தோன்றுகிறதோ எழுதுங்கள்" என்றேன். வந்த சீட்டுகளில் சிலவற்றை அப்படியே தருகிறேன்:

"எங்கள் வீட்டில் ஐந்து பேர், இரண்டு பிரஷ்."

"குழாயில் தண்ணீர் வராத நாளில் வாய் மட்டும் கொப்பளிப்பேன்."

"ராத்திரி பல் வலித்தால் அம்மா கிராம்பு வைப்பார். கடையில் வலி மாத்திரை வாங்கித் தருவார்."

"தேய்த்தாலும் போகவில்லை. பிறகு எதற்குத் தேய்க்க வேண்டும்?"

கடைசிச் சீட்டைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மறு வாரம் அந்தப் பெண் நோட்டை நீட்டியபோது வலது ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் சிவப்பாக ஏதோ படிந்திருந்தது. மருதாணியா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். தனியாக அழைத்துப் பேசியபோதுதான் சொன்னாள்: செங்கல் பொடியாம். அதோடு உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று முறை தேய்க்கிறாள். ஈறு முழுக்கச் சிவந்து கிடக்கிறது. குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் கூசுகிறது. அப்படியும் நிறுத்தவில்லை. காரணம் அவளுடைய தம்பி. அதே பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறான். அவன் பற்கள் பளிச்சென்று வெள்ளையாக இருக்கின்றன. "அவன் வாரத்தில் பாதி நாள் பல்லே துலக்கமாட்டான், டீச்சர். ஒரே வீடு, ஒரே சாப்பாடு. எனக்கு மட்டும் அழுக்கு ஏன் போகமாட்டேன் என்கிறது?" என்று கேட்டாள். வீட்டிலும் "தம்பியைப் பார், எவ்வளவு சுத்தமாக இருக்கிறான்" என்று சொல்கிறார்களாம்.

என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

ஒரே வீட்டில் அக்காவுக்குக் கறை, தம்பிக்கு இல்லை என்றால் காரணம் என்ன? தண்ணீரிலேயே ஃபுளோரைடு இருக்கும் ஊரில் ஃபுளோரைடு பேஸ்ட் போட்டுத் துலக்கலாமா? எங்கள் ஆசிரியர் அறையிலேயே இதற்கு இரண்டு கட்சி இருக்கிறது. அதைவிட முக்கியமாக, யாரையும் கூனிக் குறுக வைக்காமல் இதை வகுப்பில் எப்படிப் பேசுவது?

---

பல்_மருத்துவர்_சேலம்:

டீச்சர், முதலில் அந்தப் பெண்ணிடம் நாளைக் காலையே ஒன்று சொல்லிவிடுங்கள்: அது அழுக்கு இல்லை. அவள் துலக்காததால் வந்ததும் இல்லை. செங்கல் பொடியை அன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றவை பிறகு.

நிலைத்த பற்களின் மேல்பூச்சு, அதாவது எனாமல், ஈறுக்குள்ளேயே உருவாகிறது. முன்பற்களுக்கு அந்த வேலை கைக்குழந்தைப் பருவத்தில் தொடங்கி நான்கைந்து வயதில் முடிகிறது. ஞானப்பல் தவிர மற்றவற்றுக்கும் ஏறக்குறைய எட்டு வயதோடு முடிந்துவிடும். அந்த ஆண்டுகளில் குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால் எனாமல் இறுகாமல் நுண்துளைகளோடு உருவாகிறது. ஆறேழு வயதில் பல் முளைக்கும்போது வெள்ளைத் திட்டாகத் தெரிவது இதுதான். பின்னால் அந்தத் துளைகளில் உணவின் நிறமும் தண்ணீரின் நிறமும் ஏறிப் பழுப்பாகிறது. ஆக, கறை பல்லின் மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே இருக்கிறது. சுவரின் காரைக்குள் கலந்துபோன நிறத்தைத் துடைப்பத்தால் எடுக்க முடியுமா?

இப்போது தம்பிக்கு வருவோம். ஒன்பதாம் வகுப்பு என்றால் அக்காவுக்கு 14 வயது இருக்கும், தம்பிக்கு 11. காவிரி ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013-இல். அவர்கள் தெருவுக்குக் குழாய் எப்போது வந்தது என்று அவர்களுடைய அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். அக்காவின் முன்பல் உருவான காலத்தில் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும், தம்பியின் பல் உருவான காலத்தில் ஆற்றுத் தண்ணீரும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். என்னிடம் வரும் அண்ணன் தம்பிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். பல்லைப் பார்த்தே ஊருக்குக் குழாய் வந்த ஆண்டைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

பேஸ்ட் விஷயத்தில் இரண்டு கட்சியும் பாதி சரி. தண்ணீரில் உள்ள ஃபுளோரைடு வயிற்றுக்குள் போய், உருவாகிக்கொண்டிருக்கும் பல்லைக் கெடுக்கிறது. பேஸ்டில் இருப்பது, முளைத்துவிட்ட பல்லின் மேல் படிந்து அமிலத்தைத் தாங்கும் வலுவைத் தருகிறது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஞானப்பல் தவிர எல்லாப் பல்லும் உருவாகி முடிந்துவிட்டது. ஃபுளோரைடு பேஸ்டால் அவர்களுக்குப் புதிதாகக் கறை வராது. பட்டாணி அளவு போதும், துப்பிவிட வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள தம்பி தங்கைகளின் கதை வேறு. அவர்கள் விழுங்கிவிடுவார்கள். உங்கள் மாவட்டத்தில் அந்த வயதுக்கு ஃபுளோரைடு இல்லாத பேஸ்டைத்தான் நான் சொல்வது வழக்கம்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் விஷயம். கறை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள். சொத்தை பின்னால் ஒளிந்திருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. 2002-03-இல் நடந்த தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் 53.8 விழுக்காட்டினருக்கும் 15 வயதினரில் 63.1 விழுக்காட்டினருக்கும் சொத்தைப் பல் இருந்தது. அந்த இரண்டு வயதுக்கும் இடையில்தான் உங்கள் வகுப்பு இருக்கிறது. கறை உள்ள பல்லுக்குச் சொத்தை வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மோசமாகப் பாதிக்கப்பட்ட எனாமல் எளிதில் பெயர்ந்து குழி விழும்.

குறிப்பாக ஒரு பல்லைக் கவனியுங்கள். ஆறு வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். முன்னால் எதுவும் விழாததால் தாய்மார்கள் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அதில் ஓட்டை விழுந்தால் "விழுந்து முளைக்கும், விடு" என்பார்கள். அது விழாது, முளைக்கவும் முளைக்காது. வாழ்நாள் முழுவதற்குமான பல் அது. என்னிடம் 13, 14 வயதில் வரும் பிள்ளைகளிடம் நான் பிடுங்குவது பெரும்பாலும் இந்தப் பல்லைத்தான். நேரத்தோடு வந்திருந்தால் பத்து நிமிடத்தில் அடைத்து அனுப்பியிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது.

வகுப்பில் எப்படிப் பேசுவது என்று கேட்டீர்கள். பல்லிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், தண்ணீரிலிருந்து ஆரம்பியுங்கள். உங்கள் தெருவுக்குக் குழாய் எந்த ஆண்டு வந்தது என்று எல்லோரையும் வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள். நீங்கள் கணக்கு டீச்சர், மீதியைக் கணக்காகவே போட்டுவிடலாம்.

---

அரூர்_பெரியவர்:

டாக்டர் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு 71 வயது. இன்றும் கரும்பு கடித்துத் தின்கிறேன். பேஸ்டும் பிரஷும் நான் கண்டதில்லை. "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்று சும்மாவா சொன்னார்கள்? ஏற்கெனவே தண்ணீரால் கெட்ட பிள்ளைகளின் வாயில் மறுபடியும் ஃபுளோரைடைத் திணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குச்சிக்குக் காசும் வேண்டாம். ஐந்து பேருக்கு இரண்டு பிரஷ் என்ற சீட்டைப் படித்துத்தான் இதை எழுதுகிறேன்.

---

பல்_மருத்துவர்_சேலம்:

ஐயா, கோபம் எதற்கு? பழமொழியில் வரும் வேல் என்பது வேலமரம். இன்றைக்குப் பலர் அதை வேம்பு என்று நினைக்கிறார்கள். எந்தக் குச்சியானாலும், நுனியை நன்றாக மென்று நாராக்கி, ஈறில் குத்தாமல் பொறுமையாகத் தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும். பிரஷைப் பங்கு போடுவதைவிட ஆளுக்கொரு குச்சி எவ்வளவோ மேல், அதை நானும் சொல்வேன். ஆனால் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் குச்சி போய்ச் சேர்வது கடினம். சொத்தை பெரும்பாலும் தொடங்குவதும் கடைவாய்ப்பற்களில்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. உங்கள் 14 வயதில் பள்ளிக்கூட வாசலில் ஐந்து ரூபாய்க்கு இத்தனை பாக்கெட்டுகள் தொங்கியிருக்காது. இனிப்பு வாயில் பட்ட சில நிமிடங்களில் கிருமிகள் அமிலம் சுரக்கத் தொடங்கும், அது அடங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். கல்யாண வீட்டில் ஒரே உட்காரலில் மூன்று லட்டு சாப்பிட்டால் ஒரு முறைதான் அந்த அமிலம். ஒரு மிட்டாயைக் காலையில் பாதி, இடைவேளையில் பாதி, பிறகு பஸ்ஸில் ஒரு குளிர்பானம் என்று போனால் நாள் முழுக்கப் பல் அமிலத்தில் ஊறுகிறது. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே கணக்கு. இரவு தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். அதனால் படுக்கும் முன் துலக்குவதுதான் இரண்டில் முக்கியமானது. நம் வீடுகளில் காலையில்தான் துலக்குகிறோம், இரவில் பெரும்பாலும் இல்லை.

டீச்சருக்கு ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. இந்த வயதில் உடல் மாற்றங்களால் ஈறு எளிதில் வீங்கும், துலக்கினால் ரத்தம் வரும். பிள்ளைகள் பயந்துபோய் அந்த இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவார்கள். அழுக்குச் சேரும், ரத்தம் இன்னும் அதிகமாகும். விடாமல் மென்மையான பிரஷால் துலக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டட்டும்.

---

பென்னாகரத்தான்:

இந்தக் கேள்வியை மூன்று முறை படித்தேன். எனக்கு 33 வயது. பென்னாகரம் வட்டத்தில் பிறந்தவன், ஓசூரில் வேலை செய்கிறேன். அந்தப் பெண்ணின் துப்பட்டாவுக்குப் பதிலாக எனக்கு இடது உள்ளங்கை. இன்றுவரை சிரித்தால் கை தானாக மேலே போகும். என் கல்யாண ஆல்பத்தில் நான் வாய் திறந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லை.

எங்கள் காலத்தில் குழாய் கிடையாது. ஊருக்கே ஒரு கைப்பம்புதான். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் கறைப் பல் என்பதால் அங்கே யாரும் எதுவும் சொன்னதில்லை. பிளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூருக்குப் போன பிறகுதான் அடி விழுந்தது. விடுதியில் முதல் நாளே ஒருவன் "தம்பி, எத்தனை வருடமாகப் பான்பராக் போடுகிறாய்?" என்று கேட்டான். நான் வெற்றிலைகூடப் போட்டதில்லை. அந்த வாரமே பஸ் நிலையத்துக்கு வெளியே உட்கார்ந்து பல் சுத்தம் செய்பவரிடம் போய் 100 ரூபாய் கொடுத்தேன். பஞ்சில் ஏதோ ஒரு திராவகம் தொட்டுத் தேய்த்தார். கண்ணாடியில் பார்த்தேன், வெள்ளைதான். சந்தோஷம் பத்து நாள்கூட நிலைக்கவில்லை. ஈறு வெந்துபோய் நான்கு நாள் கஞ்சி குடித்தேன். கறை திரும்பி வந்தது, முன்னைவிடக் கருப்பாக. பல் கூச்சம் மட்டும் இன்றுவரை என்னோடு இருக்கிறது. டீச்சர், செங்கல் பொடியை நிறுத்தினால் மட்டும் போதாது. இப்படிப்பட்டவர்களிடம் போகாதே என்றும் அவளிடம் சொல்லுங்கள். அடுத்த படி இதுதான். நான் போனேன், என் நண்பர்களும் போனார்கள்.

இன்னொன்று, பையன்களைப் பற்றி. உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம் எங்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. வேறு ஊரில் பையன் புகையிலை போட ஆரம்பித்தால் பல்லைப் பார்த்து அப்பா அம்மா கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் ஊரில் எப்படிக் கண்டுபிடிப்பது? "பல்தான் ஏற்கெனவே கறையாயிற்றே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்று ஒரு நண்பன் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. அவனுக்கு இப்போது வாய் முழுதாகத் திறப்பதில்லை. சாதத்தைப் பிசைந்து சின்னச் சின்ன உருண்டையாக உள்ளே தள்ளுகிறான். உங்கள் வகுப்பில் பெண்கள் வாயை மூடுவது உங்களுக்குத் தெரிகிறது. பையன்கள் எதை மூடி மறைக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

---

பல்_மருத்துவர்_சேலம்:

தம்பி, நீங்கள் எழுதியது என்னை உலுக்கிவிட்டது. கறை புகையிலையை மறைத்துவிடும் என்பதை இத்தனை வருடமாக இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. உங்கள் நண்பருக்கு வந்திருப்பது, பாக்கால் வாயின் உள்தோலுக்கு அடியில் நார் படிந்து இறுகும் நோயாக இருக்கலாம். பல பொட்டலங்களில் பாக்கும் சேர்ந்தே வருகிறது. அது புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ள நிலை. தாமதிக்காமல் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், தயவுசெய்து.

டீச்சர், வகுப்பில் எல்லோரையும் நடு மூன்று விரல்களைச் சேர்த்து, செங்குத்தாக, பற்களுக்கு இடையே நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை, அல்லது காரம் பட்டால் கன்னத்தின் உள்பக்கம் எரிகிறது என்று யாராவது சொன்னால் உடனே அனுப்புங்கள். விளையாட்டு போலச் செய்தால் யார் மேலும் சந்தேகப்பட்டது போல ஆகாது. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. சிறார்களுக்குப் புகையிலை கொடுத்தால் 2015-இன் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. தலைமை ஆசிரியர் மூலம் இதைக் கடைக்காரரிடம் நேரில் சொன்னாலே பாதி வேலை நடக்கும்.

உங்கள் கறைக்கும் வழி இருக்கிறது தம்பி. லேசான கறையை மருத்துவர் மெல்லிய அமிலமும் நுண்பொடியும் கொண்டு மேல்படலத்தை மட்டும் அளவாக நீக்கிச் சரிசெய்வார். ஆழமான கறையின் மேல் பல் நிறத்திலேயே ஒரு பூச்சுப் படலம் போடலாம். உங்களுக்குச் செய்த அமிலக் கொடுமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 33 வயது ஒன்றும் தாமதம் இல்லை.

---

குடிநீர்_ஆய்வகம்_ஓய்வு:

குடிநீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எல்லோரும் குழாய் வந்ததோடு கதை முடிந்தது போலப் பேசுகிறீர்கள். முடியவில்லை. குழாயில் ஆற்றுத் தண்ணீர் வராத நாளில் அந்த வீடுகள் எதைக் குடிக்கின்றன? எதில் சமைக்கின்றன? குடிக்க மட்டும் ஆற்றுத் தண்ணீர், களி கிண்டவும் பருப்பு வேகவைக்கவும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் என்று வைத்திருக்கும் வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். சமையலில் ஊற்றும் தண்ணீரும் வயிற்றுக்குத்தான் போகிறது. காய்ச்சினால் ஃபுளோரைடு போய்விடும் என்ற நம்பிக்கையும் தவறு. தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்கும், செறிவு கூடத்தான் செய்யும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் களச் சோதனைப் பெட்டி கொடுத்து, கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தர ஏற்பாடு உண்டு. உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டதும் ஃபுளோரைடு கூடக் கூட இளஞ்சிவப்பு வெளுத்து மஞ்சளை நோக்கிப் போகும். பிள்ளைகள் கண்ணெதிரே அதைச் செய்து காட்டுங்கள். பள்ளி ஆழ்துளைக் கிணறு, தெருக் குழாய், மழைநீர், மூன்றையும் அடுத்தடுத்து வையுங்கள். சத்துணவுக் கூடத்தில் எந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள் என்பதையும் விசாரியுங்கள்.

---

கணக்கு_டீச்சர் (மூன்று வாரம் கழித்து):

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் காலை வழிபாட்டுக்கு முன்பே அவளை அழைத்து, "அது அழுக்கு இல்லை, உன் தப்பும் இல்லை" என்றேன். நம்பவில்லை. தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாள். அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். குழாய் எப்போது வந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். "இவன் வயிற்றில் இருந்தபோதுதான் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். ஏழாம் மாதம், தாண்டிப் போக முடியாமல் நின்றது நினைவிருக்கிறது" என்றார். டாக்டர், உங்கள் ஊகம் அப்படியே சரி. அந்த அம்மா சொல்லி முடிக்கும்போதே மகளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து போய் அடுப்படி மாடத்திலிருந்த கொட்டாங்கச்சியை எடுத்து, அதிலிருந்த செம்பொடியை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். அவளுடைய அம்மா பேசவே இல்லை. மகளின் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வகுப்பில் டாக்டர் சொன்னபடியே செய்தேன். குழாய் வந்த ஆண்டையும் பிறந்த ஆண்டையும் எல்லோரும் கேட்டுவந்தார்கள். கரும்பலகையில் தெருவாரியாக எழுதினோம். மேட்டுத் தெருவுக்குக் குழாய் கடைசியாகத்தான் வந்திருக்கிறது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கறை அதிகம் என்பதை நான் சொல்லவில்லை, அவர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சொன்னார்கள். வாயைத் திறந்து காட்டிக்கொண்டார்கள். இந்த வகுப்பில் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

மூன்று விரல் சோதனையில் ஒரு பையனுக்கு இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை. யாருக்கும் தெரியாமல் அவன் அப்பாவிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டார், பிறகு அழுதார். அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார், போகும் வரை விடமாட்டேன். தலைமை ஆசிரியர் கடைக்காரரிடம் போய்ப் பேசினார். பொட்டலங்கள் இப்போது வெளியே தொங்கவில்லை. உள்ளே இருக்கிறதா என்று தெரியாது, விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பிரஷ் வாங்க ஆசிரியர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் இப்போது கொடுத்திருக்கிறோம்.

இதற்கிடையில் அந்தப் பெண் ஒரு காரியம் செய்திருக்கிறாள். கடைவாய்ப்பல்லைப் பற்றி நான் வகுப்பில் சொன்னதைக் கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தம்பியைத் திண்ணையில் படுக்கவைத்து, அப்பாவின் செல்போன் விளக்கை அடித்து வாய்க்குள் பார்த்திருக்கிறாள். வெள்ளைப் பல் தம்பிக்குக் கீழ் வரிசையில், ஆறு வயதில் முளைக்கும் என்று நீங்கள் சொன்ன அதே பல்லில், மிளகு நுழையும் அளவுக்கு ஓட்டை. மறுநாள் அதை நோட்டில் படம் வரைந்து என்னிடம் கொண்டுவந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை அவர்கள் அம்மாவோடு தாலுகா அரசு மருத்துவமனைக்கு நானும் போனேன். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம். உள்ளே போனதும் நாற்காலியைப் பார்த்துத் தம்பி பயந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டான். டாக்டர் கேட்டும் திறக்கவில்லை, அம்மா அதட்டியும் திறக்கவில்லை. அக்கா அவன் எதிரில் போய் நின்று, "இங்கே பாருடா, இப்படி" என்று முழு வாயையும் திறந்து காட்டினாள். அங்கே டாக்டரும், செவிலியரும், கதவோரம் ஏழெட்டு நோயாளிகளும் இருந்தார்கள். துப்பட்டா தோளிலேயே கிடந்தது.

நல்லவேளையாக வேர் வரை போகவில்லை, அன்றைக்கே அடைத்துவிட்டார்கள். அவளுடைய முன்பற்களுக்கு என்ன செய்யலாம் என்று பார்க்க அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஈறு ஆறி வருகிறது.

ஆய்வக ஐயா, சோதனைப் பெட்டி ஊராட்சியில் இருக்கிறது, பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் எங்கள் மாணவன் ஒருவனின் அம்மா என்று தெரியவந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கு வருகிறார். சத்துணவுக் கூடத்துத் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்கப் போகிறோம். முடிவை இங்கே எழுதுகிறேன்.